முழங்காலைப் பற்றி யாராவது கேட்டார்களா

மைனாட், வடக்கு டகோட்டா
20 நவம்பர் 1983

அன்புள்ள தங்கை யூனிஸுக்கு,

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் அப்பாவும் சுகம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மேலே படிக்காமல் முதலில் அதைச் சொல்.

திருமதி தோர்சன் என்ற அம்மாள் வீட்டு மாடியில் அறை கிடைத்திருக்கிறது. நல்ல மனுஷிதான். ஆனால் போன் அவர் சமையலறையில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது அடித்தால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே முடிவு கட்டிவிடுகிறார். எங்கள் கூடைப்பந்து அணியோ வாரத்தில் பாதி நாள் வேனில் பனிக்குள் கிடக்கிறது. அதனால் லீக் படிவத்தில் 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது' என்ற இடத்தில் உன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அணி அலுவலகத்து நம்பரை இங்கே யாரும் கொடுப்பதில்லை. பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வந்தால் சீசன் முடியும் வரை அதை அமுக்கி வைத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். மேலே ஒருவனுக்கு அடிபட்டால் கீழே எங்களில் ஒருவனைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் கூப்பிடுவார்கள். அந்தப் பத்து நாளில் ஒட்டிக்கொண்டால் வாழ்க்கை. இல்லையென்றால் மறுபடியும் வேன். ஏழு வருஷமாக இந்தச் சின்ன லீக்கில் கிடக்கிறேன். மார்ச் இரண்டாம் தேதி எனக்கு முப்பது வயது. முப்பதைத் தாண்டியவனை எவனும் கூப்பிட மாட்டான். யார் போன் செய்தாலும் பெயர், நம்பர் வாங்கிக்கொண்டு எனக்குத் தந்தி கொடு.

நேற்று 31 பாயிண்ட். ஆட்டம் முடிந்ததும் முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள், அரை டம்ளர் இருக்கும். அப்பாவிடம் சொல். ஆலையில் விரல் போன அன்றைக்கும் ஷிஃப்டை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்த மனுஷன், கேட்டால் பூரித்துப்போவார்.

உன் அண்ணன்,
கார்னெல்


யங்ஸ்டவுன், ஒஹையோ
4 டிசம்பர் 1983

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு இருமல் இருக்கிறது, ஆனால் அதைச் சுகக்கேடு என்று அவரே ஒத்துக்கொள்வதில்லை.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்குக் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு வீடு வந்ததிலிருந்து போன் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். நீளமான வயர் வாங்கிப் போட்டிருக்கிறேன், குளியலறை வரை வருகிறது. எர்னஸ்டீன் அத்தையைச் சாயங்காலத்தில் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு ஒரு வாரமாகப் பேசவில்லை. அந்த நிம்மதிக்கும் உனக்குத்தான் நன்றி. நேற்று குழாய் ரிப்பேர்க்காரர் வேண்டும் என்று ஒருவர் தப்பாகக் கூப்பிட்டார். பதற்றத்தில், "சார், நீங்க எந்த டீம்?" என்று கேட்டுவிட்டேன்.

முழங்கால் சேதியை அப்பாவிடம் சொன்னேன். முடிதிருத்தும் கடைக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். "ஊசி குத்தி நீர எடுத்துட்டு மறுநாளே ஆடுறான். என் ரத்தம்டா அது" என்றாராம். எஃகு ஆலை மூடி ஆறு வருஷமாகிறது. ஆனால் அந்தக் கடையில் இன்னும் சட்டையைத் தூக்கித் தழும்பு காட்டித்தான் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொள்கிறார்கள். நம் வீட்டில் ஒருவனைப் புகழ வேண்டுமானால் அவன் அடிபட்ட கதையைத்தானே சொல்வோம்.

கூப்பிடுவார்கள் அண்ணா. நன்றாகச் சாப்பிடு.

யூனிஸ்


மைனாட்
18 டிசம்பர் 1983

அன்புள்ள யூனிஸ்,

சுகம். பனி இடுப்பு வரைக்கும்.

நம் அணிதான் முதலிடம். இந்த லீக்கில் ஆட்டத்தை ஜெயித்தால் தரவரிசையில் மூன்று புள்ளி, ஒவ்வொரு கால்பகுதியை ஜெயித்தாலும் தனியாக ஒரு புள்ளி. அதனால் இருபது பாயிண்ட் பின்தங்கியிருந்தாலும் கடைசிக் கால்பகுதியில் யாரும் சும்மா நிற்பதில்லை. கோச் மக்கால் என்னை ஒரு நிமிஷம்கூட உட்கார விடுவதில்லை.

எங்கள் அணி டுவெயின் ஹாகின்ஸ் போன வாரம் பெரிய லீக்குக்குப் போய்விட்டான். நல்லவன், ஆனால் என்னில் பாதி ஆட மாட்டான். சந்தோஷமாகக் கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டு, வேனில் அவன் இடத்தையே பார்த்துக்கொண்டு இருநூறு மைல் வந்தேன்.

உள்ளூர்ப் பத்திரிகை, சீசனின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது எனக்குத்தான் என்று இப்போதே எழுத ஆரம்பித்திருக்கிறது. அணிப் பசங்கள் என்னைப் பார்த்துச் சிலுவைக்குறி போடுகிறார்கள். முழு சீசனும் இங்கேயே ஆடியவனுக்குத்தான் அந்த விருது. அதாவது, யாரும் கூப்பிடாதவர்களிலேயே நல்லவனுக்கு. போன வருஷம் வாங்கியவன் இப்போது டயர் விற்கிறான். எனக்கு அந்தக் கோப்பை வேண்டாம் யூனிஸ். பத்து நாள் போதும்.

யாராவது கூப்பிட்டார்களா? ஒன்றுமில்லை என்றாலும் ஒன்றுமில்லை என்று எழுது.

கார்னெல்


யங்ஸ்டவுன்
3 ஜனவரி 1984
[தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தது]

அன்புள்ள அண்ணா,

சுகமா என்று கேட்கவே வாய் வரவில்லை.

வியாழக்கிழமை நாலரை மணிக்குப் போன் வந்தது. மரியாதையான குரல். பெரிய லீக் அணி ஒன்றின் பெயரைச் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ எங்கே தங்கியிருக்கிறாய், பழக்கவழக்கம் எப்படி, வீட்டில் யார் யார் என்றெல்லாம் சாவகாசமாகக் கேட்டார். அப்புறம் போகிற போக்கில், "முழங்கால் எப்படிம்மா இருக்கு அவருக்கு?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் ஊசி குத்தி நீர் எடுப்பாங்க சார். ரொட்டி மாதிரி வீங்கிக் கிடக்கும். ஆனா ஒரு மேட்ச் விட்டதில்ல, முப்பதுக்குக் கீழ போட்டதில்ல. அப்படி ஒரு ஆளு எங்க அண்ணன்."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு, "ரொம்ப நன்றிம்மா. நீங்க சொன்னது ரொம்ப உபயோகமா இருந்துச்சு" என்று வைத்துவிட்டார்.

நான் சமையலறையில் ஆடினேன் அண்ணா. இவ்வளவு நன்றாக உன்னைப் பற்றிப் பேசிவிட்டேனே என்று ஆடினேன். அப்பாவும், "சரியாச் சொன்னே" என்றார். மறுபடியும் கூப்பிடுவார்கள், அப்போது உனக்குத் தந்தி கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். நேற்றுப் பேப்பரில் பார்த்தேன். அந்த அணி உன் இடத்தில் ஆடும் வேறு ஒருவனைப் பத்து நாளுக்கு எடுத்திருக்கிறது. உன்னைவிட மூன்று அங்குலம் குள்ளம். முழங்கால் நன்றாக இருக்குமோ என்னவோ.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு இன்னும் உறைக்கவில்லை.


யங்ஸ்டவுன்
6 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு வாழ்த்துகள். இருவரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பனியில் இங்கே சில நாள் போன் லைன் சரியில்லை. அழைப்பு எதுவும் வரவில்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே யாராவது அதைப் பற்றிக் கேட்கிறார்களா?

யூனிஸ்


மைனாட்
29 ஜனவரி 1984

அன்புள்ள யூனிஸ்,

உன் கடிதம் தந்தியைவிடச் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அப்பாவின் இருமல் தேவலையா?

நான் சுகமில்லை. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. போன செவ்வாய் 41 போட்டேன். அதற்கு மறுநாள் எங்கள் பெஞ்சில் எட்டாவதாக உட்காருகிறவனைப் பெரிய லீக் கூப்பிட்டது. அவனுக்கே நம்ப முடியவில்லை, என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டான்.

ஹாகின்ஸ் மேலேயிருந்து எழுதியிருக்கிறான். வருஷக் கடைசியில் ஓர் அணி என்னை எடுப்பதாகவே இருந்ததாம். யாரோ என் முழங்காலைப் பற்றி ஓதிவிட்டார்களாம். படித்ததும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். இந்த முழங்கால் யாருக்குத் தெரியும்? எனக்கு, ஊசி போடுகிறவருக்கு, கோச் மக்காலுக்கு. ஊசி போடுகிறவர் ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம்கூட வாய் திறக்காதவர். நீயும் அப்பாவும் வீட்டு மனிதர்கள், கணக்கில் இல்லை. மிச்சம் யார்? நான் போய்விட்டால் அந்த மனுஷனுக்கு முதலிடம் போய்விடும். சிரித்துச் சிரித்துத் தோளைத் தட்டினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கேட்கத்தான் போகிறேன். எல்லோர் முன்னாலும் கேட்பேன்.

கார்னெல்


யங்ஸ்டவுன்
8 பிப்ரவரி 1984

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். எனக்குக் கொஞ்சம் தூக்கம் சரியில்லை, வேலை அதிகம்.

கோச்சிடம் சண்டைக்குப் போகாதே. அவர்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்? யாராவது கெட்ட எண்ணமே இல்லாமல் சொல்லியிருக்கலாம். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுகூடச் சொல்லியிருக்கலாம். அப்படி நடப்பதில்லையா? தயவுசெய்து பொறு. இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேள்.

முழங்காலுக்குக் கம்பளியில் ஓர் உறை பின்னி அனுப்பியிருக்கிறேன். இரண்டு தடவை பிரித்துப் பின்னினேன், கண்ணிகள் கோணலாகப் போய்க்கொண்டே இருந்தன.

யூனிஸ்


மைனாட்
21 பிப்ரவரி 1984

அன்புள்ள யூனிஸ்,

உறை வந்தது. தொடைக்குத்தான் சரியாக இருக்கிறது. அப்பாவுக்கு என் அன்பு.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். உடை மாற்றும் அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். "ஏழு வருஷம் கஷ்டப்பட்டவன் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே, உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், உனக்கு எழுத முடியாது. அந்த மனுஷன் ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "முடிச்சிட்டியா? போய் உடம்பச் சூடு பண்ணு, இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றார். இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. குற்றமில்லாதவன் இல்லை என்று சொல்ல மாட்டானா?

விஷயம் அணி முதலாளி காதுக்குப் போய்விட்டது. அவருக்கும் மக்காலுக்கும் ஏற்கெனவே ஆகாது. ஆட்டக்காரனின் வாய்ப்பைக் கோச் கெடுத்தார் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆளை அன்றைக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். கடிதத்தை அவரே டைப் அடித்து வைத்திருக்கிறார். மார்ச் இரண்டு வரை அவகாசம் கேட்டேன். அதற்குள் எங்கிருந்தாவது அழைப்பு வந்தால் கிழித்துப் போடுவேன். வராவிட்டால் என் முப்பதாவது பிறந்தநாளுக்கு அந்தக் கையெழுத்துதான் எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் பரிசு. அப்புறம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். கடைசிச் சுற்று பிளேஆஃபாவது மண்ணாவது.

கார்னெல்


யங்ஸ்டவுன்
24 பிப்ரவரி 1984
[அவசரத் தபால்]

அண்ணா,

கையெழுத்துப் போடாதே. கோச் இல்லை. நான்.

இத்துடன் ஜனவரி மூன்றாம் தேதி எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் இருக்கிறது. அதைப் படி. அதில் இல்லாதது ஒன்றுதான்: ஐம்பத்திரண்டு நாளாக நான் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் லைன் நன்றாகத்தான் இருந்தது. முதலில் உன் கோபத்துக்குப் பயந்தேன். பிறகு, நீ அவர்மேல் கோபப்படுவதைப் பார்த்ததும், என்மேல் இல்லையே என்று ஒரு நிமிஷம் நிம்மதிகூடப் பட்டேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அந்த மனிதருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும். என்மேல் வர வேண்டியதை அவர் வாங்கிக்கொண்டு நிற்கிறார். நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, கையெழுத்து மட்டும் போடாதே.

யூனிஸ்


யங்ஸ்டவுன்
19 மார்ச் 1984

அன்புள்ள அண்ணா,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது பேப்பர் பார்த்துத்தான் தெரிகிறது. உன் பிறந்தநாளுக்கு அனுப்பிய அட்டை கிடைத்ததா? திருமதி தோர்சனுக்குப் போன் செய்தேன். நீ வேனில் ஊர் ஊராகப் போயிருப்பதாகச் சொன்னார். யாரும் சாகவில்லை என்று அவருக்குப் புரியவைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

நேற்று விளையாட்டுப் பக்கத்தின் அடியில், டயர் விளம்பரத்துக்கு மேலே, உன்னைப் பற்றி இரண்டு வரி இருந்தது. மதிப்புமிக்க ஆட்டக்காரர்: சி. ப்ரூயிட், மைனாட். அப்பா அதைக் கத்தரித்துக் கடைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து, "கடிதம் வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் அண்ணா. வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அந்த விரல் இல்லாத கையை. "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

திட்டியாவது எழுது. சும்மா இருக்காதே.

யூனிஸ்


மைனாட்
3 ஏப்ரல் 1984

அன்புள்ள யூனிஸ்,

நான் சுகம். அப்பா சாப்பிட்டாரா?

உன் கடிதம் பிப்ரவரி 28 வந்தது. படித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பனியில் வீசினேன். திருமதி தோர்சன் பொறுக்கி வந்து அடுப்புப் பக்கத்தில் உலர வைத்து, படிக்காமல் மடித்துக் கொடுத்தார். அவ்வளவு கோபம் எனக்கு. ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். என்ன எழுதினாலும் நீ வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பாய் என்று தெரியும், அதனால்தான் எழுதவில்லை. அந்த அளவுக்காவது அண்ணனாக இருந்தேன்.

முதலாளியின் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. மக்காலிடம் போனேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, உனக்கே தெரியும். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவராகவே சொன்னார்: "அந்தப் பெரிய லீக் ஆளு என்னையும் கேட்டான். கல்லு மாதிரி முழங்கால்னேன். சிரிச்சான். அவன் தங்கச்சி வேற மாதிரி சொல்றாளேன்னான். அதுலேர்ந்து நான் எவனப் பத்தி என்ன சொன்னாலும் அவன் நம்பறதில்ல."

"நான் அத்தனை பேர் முன்னால கத்தினப்போ ஏன் இதச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ ஊருக்குப் போன் போட்டு அந்தப் பொண்ணத் தின்னுருப்பே. அப்புறம் பிளேஆஃப்ல எவன் ஆடுறது?" என்றார்.

அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன் யூனிஸ். இதை மட்டும் கடையில் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

விருது கொடுத்த கதைக்கு வருகிறேன். பிளேஆஃபின் முதல் ஆட்டத்துக்கு முன்னால் மைதான நடுவில் வைத்துக் கொடுத்தார்கள். மற்ற அணிகளின் கோச்சுகள் பதினொரு பேர் ஓட்டுப் போட்டதில் ஒன்பது எனக்கு. பசங்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சவ ஊர்வலம்போல வரிசையாக நின்றார்கள், படுபாவிகள். ஊர் ஜனம் மூவாயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த கோப்பைதான். கையில் வாங்கியதும் விட மனம் வரவில்லை.

அன்றைக்குப் பெரிய லீக்கில் வேறோர் அணியின் ஆள் வந்திருந்தார், நீளக் கோட்டும் குறிப்பேடுமாக. முப்பது தாண்டினாலும் பரவாயில்லை, அவர்களுக்கு இந்தச் சீசன் முடியும் வரை ஒரு ஆள் அவசரமாம். மக்கால் காலையிலிருந்தே என்னைத் தயார் செய்திருந்தார். கேட்டால், "நல்லா இருக்கு சார்" என்று மூன்றே வார்த்தை, அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்று நாலு தடவை சொல்ல வைத்துப் பார்த்தார். ஆட்டம் ஜெயித்தோம், நான் 38. அந்த ஆள் நேராக வந்து கைகொடுத்தார். "பிரமாதம். முழங்கால் எப்படி இருக்கு?" என்றார்.

மூவாயிரம் பேர் கை தட்டிய சூடு இன்னும் காதில் இருந்தது. வாயைத் திறந்தேன். "நேத்து ராத்திரி ஊசி குத்தி முக்கால் டம்ளர் நீர் எடுத்தாங்க சார். மடக்கவே முடியாது. அதோடதான் முப்பத்தெட்டு போட்டேன்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். சொல்லி முடித்து, அவர் அசந்துபோவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு வேறு நின்றேன்.

அவர் குறிப்பேட்டை மூடினார். மக்கால் கூரையைப் பார்த்தார்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? நீ ஒரு தடவை, அதுவும் தெரியாமல் சொன்னாய். நான் எல்லாம் தெரிந்து, ஒத்திகை பார்த்து, அதற்கப்புறம் சொன்னேன்.

பிளேஆஃபில் அரையிறுதியோடு தோற்றோம். வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன், ஞாயிறு மத்தியானம் அங்கே இருப்பேன். உன்மேல் கொஞ்சம் கோபம் இன்னும் இருக்கிறது. வந்ததும் திட்டிவிடுகிறேன், நீயும் பதிலுக்குத் திட்டு. அதற்கப்புறம் மூன்று பேருமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

உன் அண்ணன்,
கார்னெல்